இறைச்சியை விடலாமா? விடுதலும் விலக்குதலும்



நமது மூவார் நகரம் காலைப் பசியாறலையே சாத்தேயுடன் தொடங்கும் நகரம். நம் வீட்டுப் பேச்சிலோ ‘கறி’ என்றாலே அது ஆட்டிறைச்சி அல்லது மாட்டிறைச்சிதான். மற்றவை யாவும் ‘மரக்கறி’. இத்தகைய ஊரில், ஒரு முஸ்லிம் விருந்துப் பந்தியில் அமர்ந்துகொண்டு, “எனக்குக் கறி வேண்டாம், பருப்பும் கீரையும் போதும்” என்று சொன்னால், பக்கத்திலிருப்பவர் அவரை ஏற இறங்கப் பார்க்கிறார். “என்ன, சைவமாகி விட்டீரா?” என்று கேட்பவர் ஒருவர். “சுன்னத்தை விட்டவர்” என்று முடிவு கட்டுபவர் மற்றொருவர். இதற்கு எதிர்ப்புறத்தில், இறைச்சி தின்பதே கொடுமை, அதைத் தின்பவர் இரக்கமற்றவர் என்று பேசும் இளைஞர்களும் இன்று நம் குடும்பங்களிலேயே இருக்கின்றனர்.

இவ்விரு பேச்சும் எல்லை கடந்த பேச்சே என்பது நமது கருத்து. எல்லை எங்கே இருக்கிறது என்பதைத் திருக்குர்ஆனிலிருந்தும் ஹதீஸிலிருந்தும் எடுத்துப் பார்ப்போம். அத்துடன், இறைச்சியை விட்டவர்கள் நம் கடைக்கு வாடிக்கைக்காரராக வரும்போது நம் மீதுள்ள கடமை யாது என்பதையும் பார்ப்போம். முன்னது உண்பவரின் விஷயம். பின்னது விற்பவரின் விஷயம். வியாபாரிகளாகிய நமக்குப் பின்னதே பெரிது.

ஹலால் என்றால் கட்டளையா?

கால்நடைகள் நமக்கு ஹலாலாக்கப்பட்டிருக்கின்றன என்று திருக்குர்ஆன் 5ஆம் அத்தியாயத்தின் முதல் ஆயத்தே தெளிவாக்குகிறது. 16ஆம் அத்தியாயம் 5ஆம் ஆயத்து, அவற்றில் நமக்குக் குளிருக்கான உடையும் பல பயன்களும் உணவும் உண்டு என்கிறது. அதே அத்தியாயம் பாலையும் தேனையும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளாக எடுத்துக் காட்டுகிறது. ஆகவே, முறைப்படி அறுக்கப்பட்ட இறைச்சி ஹலால் என்பதில் எந்த முஸ்லிமுக்கும் ஐயமிருக்க முடியாது.

ஆனால் ஹலால் என்பது அனுமதி. அது ஏவல் அன்று. பர்ளு என்பது செய்தே தீர வேண்டியது. ஹராம் என்பது விட்டே தீர வேண்டியது. இரண்டுக்கும் நடுவே செய்தாலும் குற்றமில்லாத, விட்டாலும் குற்றமில்லாத பரந்த வெளி ஒன்றிருக்கிறது. அதற்கு முபாஹ் என்று பெயர். ஒட்டக இறைச்சி ஹலால்தான். மூவாரில் நம்மில் எத்தனை பேர் அதை உண்டிருக்கிறோம்? உண்ணாததால் நம் ஈமானில் குறைவு ஏதும் நேர்ந்துவிட்டதா? ஆட்டிறைச்சிக்கும் கோழிக்கும் இதே சட்டந்தான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன் ஒருமுறை பொரித்த உடும்பு வைக்கப்பட்டது. அது இன்னதென்று அறிந்ததும் அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். “இது ஹராமா?” என்று காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் வினவ, ஹராமில்லை என்றும், தம் ஊரில் அது வழக்கத்தில் இல்லாததால் மனம் ஏற்கவில்லை என்றும் விளக்கினார்கள். காலித் (ரலி) அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள், நாயகம் (ஸல்) அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தடுக்கவில்லை. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள இந்தச் செய்தியில் நமக்குள்ள படிப்பினை பெரிது. ஒருவர் உண்டார், ஒருவர் விட்டார். உண்டவர் விட்டவரைப் பழிக்கவில்லை. விட்டவர் உண்டவரைத் தடுக்கவில்லை. அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விருப்பமிருந்தால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்பதும் அவ்விரு நூல்களில் உள்ளதே.

எல்லை எங்கே?

அப்படியானால், விட்டவர் எந்த இடத்தில் தவறுகிறார்? ஹலாலானதைத் தமக்கு ஹராம் என்று ஆக்கிக்கொள்ளும் இடத்தில்தான்.

இறைச்சி உண்டால் தமக்கு இச்சை மிகுவதாகவும், ஆதலால் அதைத் தம்மீது ஹராமாக்கிக் கொண்டதாகவும் ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து கூறினார். அதன்மேல் 5ஆம் அத்தியாயம் 87ஆம் ஆயத்து இறங்கியதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாகத் திர்மிதீயில் காண்கிறோம். அல்லாஹ் ஹலாலாக்கிய நல்லவற்றை ஹராமாக்காதீர்கள், வரம்பு மீறாதீர்கள் என்பதே அந்த ஆயத்தின் கருத்து. வேறொரு சமயம் சில தோழர்கள் இபாதத்தில் முனைந்து, ஒருவர் மணம் முடிக்க மாட்டேன் என்றும், ஒருவர் இறைச்சி உண்ண மாட்டேன் என்றும், ஒருவர் படுக்கையில் உறங்க மாட்டேன் என்றும் தீர்மானித்தபோது, அது தமது வழிமுறையன்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததை முஸ்லிம் நூலில் படிக்கிறோம்.

இச்செய்திகளை மேலோட்டமாகப் படிப்பவர், இறைச்சியை விடுவதே கண்டிக்கப்பட்டது என்று நினைக்கக்கூடும். அங்ஙனமன்று. அத்தோழர்கள் இறைச்சியை விடுவதை ஓர் இபாதத்தாக, அல்லாஹ்வை நெருங்கும் வழியாக, மார்க்கத்தில் இல்லாத ஒரு புதுப் படியாக அமைக்க முற்பட்டார்கள். கண்டிக்கப்பட்டது அந்த எண்ணமே. வயிற்றுக்கு ஒவ்வவில்லை என்றோ, மனம் ஏற்கவில்லை என்றோ, கைப்பணம் போதவில்லை என்றோ, அறுக்கப்படும் பிராணியைக் கண்டு உள்ளம் கசிகிறது என்றோ ஒருவர் உண்ணாமலிருந்தால் அது அவருடைய உரிமை. ‘நான் உண்பதில்லை’ என்பது விடுதல். ‘இது உண்ணத் தகாதது, உண்பவர் பாவி’ என்பது விலக்குதல். விடுதல் மனிதருக்கு உரியது. விலக்குதல் அல்லாஹ்வுக்கு மாத்திரமே உரியது. இந்தப் பாடம் முழுவதையும் இந்த ஒரு வேறுபாட்டில் அடக்கிவிடலாம்.

சத்தியம் செய்யும் பழக்கம் பற்றியும் ஓர் எச்சரிக்கை அவசியம். கோபத்திலோ உணர்ச்சியிலோ “வல்லாஹி, இனி இறைச்சியைத் தொட மாட்டேன்” என்று ஒருவர் சத்தியம் செய்துவிட்டுப் பின்னர் உண்டால், அவர்மீது பரிகாரம் கடமையாகிறது. பத்து ஏழைகளுக்கு உணவளிப்பது அல்லது உடையளிப்பது, இயலாவிடில் மூன்று நாள் நோன்பு நோற்பது என 5ஆம் அத்தியாயம் 89ஆம் ஆயத்து அதனை விவரிக்கிறது. அல்லாஹ்வின் பெயரைக் கூறாமல், “என்மீது ஹராமாக்கிக் கொண்டேன்” என்று மட்டும் சொல்லியிருந்தால் ஹனபி, ஷாபிஈ மத்ஹபுகளுக்கிடையே சட்டம் வேறுபடுகிறது. தமது மத்ஹபின் ஆலிமை அணுகிக் கேட்டுக்கொள்க. சத்தியமே செய்யாமல் சும்மா விடுவதே உத்தமம். அப்படி விட்டவர் நோயிலும் பிரயாணத்திலும் விருந்திலும் தேவை வந்தால் மனச்சுமையின்றி உண்ணலாம்.

குர்பானி என்னாவது?

‘இறைச்சியை விட்டவர் ஹஜ்ஜுப் பெருநாளில் என்ன செய்வார்?’ என்ற கேள்வி உடனே எழும். ஹனபி மத்ஹபில் வசதியுள்ளவர்மீது குர்பானி வாஜிபு. ஷாபிஈ மத்ஹபில் வலியுறுத்தப்பட்ட சுன்னத்து. இறைச்சி உண்பதில்லை என்பதால் இது நீங்கிவிடாது. ஆனால் குர்பானி கொடுப்பது வேறு, அதிலிருந்து உண்பது வேறு. உண்பது விரும்பத்தக்கது, கட்டாயமன்று. ஆகவே அவர் தம் பங்கையும் ஏழைகளுக்கே கொடுத்துவிடலாம். அல்லாஹ்வைச் சென்றடைவது இறைச்சியோ இரத்தமோ அல்ல, உள்ளத்தின் தக்வாவே என்ற கருத்து 22ஆம் அத்தியாயம் 37ஆம் ஆயத்தில் உள்ளது.

ஹஜ்ரத் அபூபக்ர் (ரலி), ஹஜ்ரத் உமர் (ரலி) இருவரும், மக்கள் இதைப் பர்ளு என்று எண்ணிவிடக் கூடாதே என்பதற்காகச் சில ஆண்டுகள் குர்பானி கொடுக்காமலிருந்ததாக அறிவிப்புண்டு. சட்டத்தின் தரத்தைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பதில் அவர்களுக்கிருந்த கவனத்தைப் பாருங்கள்.

விடாவிட்டாலும் குறைக்கலாமே!

முழுவதும் விடுவது சிலருக்கே உரியது. குறைத்துக்கொள்வது நம் அனைவருக்கும் உரியது. இதில் முன்னோர் காட்டிய வழி, நம் இன்றைய பந்திகளுக்குப் பெரும்பாலும் நேர்மாறானது.

மாதங்கள் கழிந்தும் நாயகம் (ஸல்) அவர்களின் வீடுகளில் அடுப்பு மூட்டப்படாமல், பேரீத்தம்பழமும் தண்ணீருமே உணவாயிருந்த காலத்தை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழி திர்மிதீயில் உள்ளது. நாம் மூன்று பங்கையும் நெய்ச்சோற்றுக்கே கொடுத்துவிடுகிறோம்!

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் செய்தி ஒன்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உள்ளது. ஜாபிர் (ரலி) அவர்கள் இறைச்சி வாங்கிச் செல்வதைக் கண்ட கலீபா, இது என்ன என்று கேட்டார்கள். இறைச்சி உண்ண ஆசை வந்தது, ஒரு திர்ஹத்துக்கு வாங்கினேன் என்றார் ஜாபிர். அண்டை வீட்டாருக்காகவும் உறவினருக்காகவும் தன் வயிற்றைச் சற்று ஒடுக்கிக்கொள்ள உங்களில் ஒருவருக்கும் மனம் வராதா என்ற பொருளில் கலீபா கடிந்துகொண்டார்கள். மதுவைப் போலவே இறைச்சிக்கும் மனிதனைப் பிடித்துக்கொள்ளும் பழக்கமுண்டு என்ற அவர்களது எச்சரிக்கையும் அதே நூலில் இருக்கிறது. கவனியுங்கள்: இறைச்சி ஹராம் என்று அவர்கள் கூறவில்லை. ஆசை எழுந்தபோதெல்லாம் வாங்குவதையே கண்டித்தார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஒரு கூற்றை எடுத்தாள்கிறார்கள். நாற்பது நாள் தொடர்ந்து இறைச்சியை விட்டவரின் குணம் கெடும். நாற்பது நாள் தொடர்ந்து உண்டவரின் உள்ளம் இறுகும் என்பது அதன் சாரம். மருத்துவக் கணக்காக இதைக் கொள்ள வேண்டியதில்லை. இரு கோடிக்கும் நடுவே நில் என்பதே இதன் அறிவுரை.

விட்டவர்கள் சிலர்

நம் சமுதாயத்தில் இறைச்சியை விட்டவர்கள் எக்காலத்திலும் இருந்தே வந்திருக்கின்றனர். பஸராவின் ராபிஆ (ரஹ்) அம்மையாரைப் பற்றி பரீதுத்தீன் அத்தார் (ரஹ்) எழுதிய கதை பலரும் அறிந்தது. மலையில் மான்களும் ஆடுகளும் அம்மையாரைச் சூழ்ந்து நின்றன. ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் நெருங்கியதும் அவை ஓடிவிட்டன. காரணம் கேட்டபோது, இன்று என்ன உண்டீர் என்று அம்மையார் திருப்பிக் கேட்டார். கொழுப்பில் வதக்கிய சிறிது வெங்காயம் என்றார் பெரியார். அவற்றின் கொழுப்பை உண்டுவிட்டு, அவை ஏன் ஓடுகின்றன என்று கேட்பதா என்பது அம்மையாரின் மறுமொழி.

காஷ்மீரத்தில் ஷெய்க் நூருத்தீன் (ரஹ்) அவர்களின் வழிவந்த ரிஷிகள் எனப்படும் சூபிகள் இறைச்சி உண்பதில்லை. மொகலாயச் சக்கரவர்த்தி ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் இவர்களைப் பாராட்டுகிறார். இறைச்சியை விட்டிருந்த இவர்கள், மக்கள் பயன்பெறுவதற்கென்று பழமரங்களை நட்டு வந்தனர் என்பது அவர் தரும் செய்தி. தாம் விட்டதோடு நில்லாமல் பிறருக்கு உணவு வைத்துச் சென்றார்களே, அது அன்றோ சிறப்பு!

சிரியாவின் கண்ணிழந்த கவிஞர் அபுல் அலா அல்மஅர்ரீ (973-1057) இன்னும் ஒருபடி மேலே சென்றார். இறைச்சியும் மீனும் மட்டுமல்ல, பாலும் முட்டையும் தேனுங்கூட அவர் உண்ணவில்லை. ஏன் இப்படி என்று அக்காலத்து மார்க்கத் தலைவர் ஒருவர் கடிதம் எழுதிக் கேட்டார். உயிர்கள்மீது கொண்ட இரக்கத்துடன், தமது சொற்ப வருமானத்தையும் ஒரு காரணமாகக் கவிஞர் காட்டினார்.

நம் தமிழ் மொழியிலேயே போதித்தவர் இலங்கையின் முஹம்மது ரஹீம் பாவா முஹையத்தீன் அவர்கள். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருந்து, 1971இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்குச் சென்றார். 1984இல் அங்கு அவர்தம் சீடர்களின் பள்ளிவாசல் எழுந்தது. 1986இல் அங்கேயே மறைந்தார். அவரும் அவரது சமையற்கூடமும் மரக்கறியே. அவருடைய போதனைகள் யாவற்றையும் ஆலிம்கள் ஏற்பதில்லை. உணவைப் பற்றிய கருத்தை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறோம். அறுப்பதற்கு மார்க்கம் வைத்த கட்டுப்பாடுகள், கொலையைக் குறைக்கவே வைக்கப்பட்டன என்பது அவரது விளக்கம். இறைச்சி உண்பவரும் இதைச் சிந்திப்பது நல்லது. கத்தியைத் தீட்டிக்கொள், பிராணிக்கு வேதனையைக் குறை என்ற நபிமொழி முஸ்லிமில் இருக்கிறது. இக்கட்டளையை எண்ணிப் பார்ப்பவர் ஒரு துண்டு இறைச்சியையும் இலையில் வீணாக விட்டெழ மாட்டார்.

இறுதியாக, இராமநாதபுரம் சீமை நமக்கு அளித்த பெருமகன் ஏ. பி. ஜே. அப்துல் கலாம் (1931-2015) அவர்கள். இராமேசுவரத்தில் தொழுகை நடத்தி வந்த தந்தையின் மகன். 1950இல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் சேர்ந்தார். இறுதியாண்டில் விடுதியின் மரக்கறிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அவரே செயலாளர் என்பதைத் தம் சுயசரிதையான ‘அக்னிச் சிறகுக’ளில் குறிப்பிடுகிறார். விஞ்ஞானியாக இருந்தபோதும், 2002 முதல் 2007 வரை இந்தியாவின் ஜனாதிபதியாக இருந்தபோதும் மரக்கறியே உண்டார். நோன்பும் தொழுகையும் அவரிடம் இருந்தன. இறைச்சி உண்ணாததால் அவர் முஸ்லிமாக இல்லாமற் போய்விடவில்லை. ஜனாதிபதி மாளிகையில் இப்தார் விருந்துக்கு ஆகும் பணத்தை, அநாதை இல்லங்களுக்கு உணவுப் பொருளாகவும் போர்வையாகவும் கொடுக்கச் செய்தார் என்று அவருடைய செயலாளராயிருந்த பி. எம். நாயர் எழுதியிருக்கிறார். அண்டை வீட்டாருக்காக வயிற்றை ஒடுக்கிக்கொள்ளச் சொன்ன உமர் (ரலி) அவர்களின் சொல் இங்கு செயலாகியிருக்கக் காண்கிறோம்.

விடுவதில் எத்தனை படிகள்!

இனி நம் கடை வாசலுக்கு வருவோம். ‘மரக்கறிக்காரர்’ என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவர்கள் ஒரே கூட்டத்தார் அல்லர். அவர்களுள் பல படிகள் உள்ளன.

முதற்படியில் மாட்டிறைச்சியை மட்டும் விட்டவர்கள். இந்துக்களில் பெரும்பாலோரும், குவான் யின் தெய்வத்தை வணங்கும் சீனர் பலரும் இவ்வகையினர். இவர்களுக்குக் கோழியும் மீனும் தடையில்லை.

இரண்டாவது, நாள் பார்த்து விடுபவர்கள். இந்துக்கள் வெள்ளிக்கிழமையிலும், புரட்டாசி மாதம் முழுவதும், தைப்பூச விரதக் காலத்திலும் விடுவர். சீனர்கள் தங்கள் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாளும் விடுவர். நேற்று நம் கடையில் கோழி தின்றவர் இன்று மரக்கறி கேட்பதைக் கண்டு நகைப்பது அறியாமை.

மூன்றாவது, இறைச்சியை விட்டு மீனை மட்டும் உண்பவர்கள். நான்காவது, மீனையும் விட்டு முட்டையும் பாலும் உண்பவர்கள். ஐந்தாவது, முட்டையையும் விட்டுப் பால், தயிர், நெய் மட்டும் கொள்பவர்கள். தமிழ்நாட்டுச் சைவர்களின் வழக்கம் இதுவே. திருக்குறளில் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே உண்டு. 1867இல் வடலூரில் தருமசாலை கண்ட இராமலிங்க அடிகள் ஏழைகளுக்கு இட்டதும் மரக்கறி உணவே. ஆகவே இது அவர்களுக்கு நாவின் விருப்பம் மட்டுமன்று. நெஞ்சில் ஊறிய கொள்கை.

ஆறாவது, பூண்டு வெங்காயங்கூடச் சேர்க்காதவர்கள். பௌத்த நெறி நிற்கும் சீனர் பலர் இத்தகையோர். சமணர்கள் கிழங்கு வகைகளையும் உண்பதில்லை. ஏழாவது, பால், நெய், தேன் உட்படப் பிராணிகளிடமிருந்து வரும் எதனையும் தொடாதவர்கள். 1944இல் இங்கிலாந்தில் இவர்கள் தனிச் சங்கம் அமைத்து ‘வீகன்’ என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்டனர். அப்பெயர் இன்று உலகெங்கும் வழங்குகிறது.

கடைக்காரருக்கு இந்தப் படிகள் தெரிந்திருக்க வேண்டும். “மரக்கறியா? இதோ இருக்கிறது” என்று சொல்வதற்கு முன், “முட்டை சேருமா? பால் சேருமா? வெங்காயம் சேருமா?” என்று கேட்பது ஒரு நிமிட வேலை.

சட்டிக்குள் என்ன இருக்கிறது?

இப்போது நாம் சொல்லப் போவது சற்றுக் கசக்கும், பொறுத்தருள்க.

நமது தாளிச்சாவைப் பார்த்தால் சாம்பாரைப் போலவே இருக்கும். கத்தரிக்காயும் மாங்காயும் பருப்பும் மேலே மிதக்கும். அடியில் ஆட்டெலும்பு கிடக்கும். எலும்பை ஒதுக்கிவிட்டு ஆணத்தை மட்டும் அள்ளி ஊற்றினால் அது மரக்கறி ஆகிவிடுமா? கீரைப் பிரட்டலில் நெத்திலி, சம்பாலில் பிலாச்சான், காய்கறிக் குழம்பில் கோழிச்சாற்றுக் கட்டி. ரொட்டி சானாய் மாவில் முட்டையோ நெய்யோ இருக்கக்கூடும். கோழி பொரித்த எண்ணெயிலேயே உருளைக்கிழங்கும் பொரிகிறது. மீன் ஆணத்தில் போட்ட அகப்பை, துடைக்காமலே பருப்புச் சட்டிக்குள் போகிறது. நாசி கண்டாரில் நாலு குழம்பைக் கலந்து ஊற்றுவது நமக்குச் சுவை. விரதமிருப்பவருக்கு அது விரத முறிவு.

மளிகைக் கடைக்காரரும் இதற்கு விலக்கல்லர். சிப்பிச் சாறு, மீன் சாறு, இறைச்சிச் சுவைத் தூள் கலந்த மீ பொட்டலம், எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் சேர்ந்த மிட்டாய் ஆகியவற்றைப் பற்றி வாடிக்கைக்காரர் கேட்டால், பொட்டலத்தைத் திருப்பிப் படித்துச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

“அவருடைய விரதம் நம் மார்க்கமா? நாம் விற்பது ஹலால்தானே?” என்று சிலர் கேட்கலாம். ஹலாலான பொருளையும் ஹராமான முறையில் விற்க முடியும், சகோதரர்களே! கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த நாயகம் (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றார்கள். அந்தத் தானியம் ஹராமானதன்று. ஈரத்தை மறைத்ததே குற்றம். தாளிச்சாவின் அடியில் கிடக்கும் எலும்பும் குவியலுக்குள் இருந்த ஈரமும் ஒன்றே. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையை வெளிப்படுத்திக்கொண்டால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்தால் பரக்கத் அழியும் என்ற நபிமொழியும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அதில் வாங்குபவர் இன்ன மதத்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

இதை நம் பக்கமிருந்தும் எண்ணிப் பார்ப்போம். பிற சமயத்தவர் நடத்தும் கடையில், “இதில் பன்றிக் கொழுப்பு இல்லை” என்று ஒருவர் பொய் சொல்லி நமக்கு உணவளித்தால் நம் மனம் எவ்வளவு துடிக்கும்! அதே துடிப்பு, எலும்புச் சாற்றை அறியாமல் உண்டுவிட்ட சைவப் பெரியவருக்கும் உண்டு. நம் நாவை நம்பியே அவர் கை நனைக்கிறார். அந்த நம்பிக்கைதான் அமானத்.

ஒன்று மட்டும் மறவாதீர்கள். ‘மரக்கறி’ என்ற பலகை ஹலாலுக்குச் சான்றாகாது. இறைச்சி இல்லாத உணவிலும் சமையல் மது சேர்ந்திருக்கலாம். ஆகவே நாம் வெளியில் உண்ணும்போது ஜாக்கிம் சான்றிதழைப் பார்த்தே உண்ண வேண்டும்.

செய்ய வேண்டியது கடினமன்று. மரக்கறிக்கென ஒரு சட்டி, ஓர் அகப்பை, ஓர் எண்ணெய்ச் சட்டி தனியே வைக்கலாம். வைக்க இடமில்லையெனில், “ஐயா, எங்கள் கடையில் அகப்பை கலந்துவிடும்; உங்களுக்கு ஒத்துவராது” என்று உண்மையைச் சொல்லிவிடலாம். ஒரு சாப்பாட்டின் விலை போகும், பெயர் நிற்கும். பரிமாறும் பணியாளர் அண்மையில் ஊரிலிருந்து வந்தவராயின், எதில் என்ன இருக்கிறது என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுப்பது முதலாளியின் கடமை.

உடலைப் பற்றிச் சில வார்த்தைகள்

2019இல் அரசாங்கம் எடுத்த சுகாதார ஆய்வில், மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு காணப்பட்டது. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2015இல் அறிவித்தது; ஆடு மாடு போன்ற சிவப்பிறைச்சியைக் காரணமாகக்கூடியது என்ற வகையில் வைத்தது. இவை காரணமாகச் சிலர் இறைச்சியைக் குறைப்பது அறிவுடைமையே.

ஆனால் இறைச்சியை விட்டுவிட்டு, அந்த இடத்தில் மூன்று ரொட்டி சானாயும் இரண்டு தே தாரிக்கும் வைத்தால் நோய் குறையாது, கூடும். பருப்பு, கடலை, தவ்வு, கீரை, காய் ஆகியவை அவ்விடத்துக்கு வரவேண்டும். பால் முட்டை உட்பட யாவற்றையும் விட்டவருக்கு பி12 என்னும் வைட்டமின் உணவிலிருந்து போதிய அளவு கிடைப்பதில்லை. குறைந்தால் இரத்தச் சோகையும் நரம்புத் தளர்ச்சியும் வரும். அத்தகையோர் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்வது அவசியம். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பெரியவர்கள் தம் இஷ்டத்துக்கு இதில் இழுத்துவிடலாகாது.

பாடத்தின் சாரம்

1. இறைச்சி ஹலால். உண்பது அனுமதி, கடமையன்று.

2. விடுபவர் தமக்காக விடலாம். அல்லாஹ் ஹலாலாக்கியதை ஹராம் என்று சொல்லவும், உண்பவரை இழிவாகப் பேசவும் அவருக்கு உரிமையில்லை.

3. உண்பவர், விட்டவரின் ஈமானை எடைபோட வேண்டாம். பந்தியில் அவர் முன் பருப்பை மகிழ்ச்சியோடு வையுங்கள்.

4. விட்டவர், விருந்தளித்தவரின் உணவைக் குறை கூற வேண்டாம். வேண்டியதை உண்டு, வேண்டாததை விட்டு, துஆச் செய்து எழுந்திருங்கள்.

5. முழுவதும் விடாதவர் குறைத்துக்கொள்ளட்டும். குறைத்ததால் மிஞ்சிய பணத்தில் அண்டை வீட்டாருக்கும் பங்கிருக்கட்டும்.

6. வாடிக்கைக்காரர் எந்தப் படியில் நின்றாலும், சட்டிக்குள் இருப்பதை உள்ளபடி சொல்லுங்கள்.

நாம் உண்பதிலும் விடுவதிலும் வரம்பு மீறாதவர்களாகவும், விற்பதில் அமானத்தைக் காப்பவர்களாகவும் வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கி வைப்பானாக! நம் கல்லாவில் வருவது சொற்பமாயினும் அதில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.